இரண்டு தரம் பெயர் கேட்டவர்

வீரகத்தி அண்ணை எந்தப் பிள்ளையைக் கண்டாலும் இரண்டு தரம் பெயர் கேட்பார். பிள்ளை ஒரு பெயரைச் சொன்ன பிறகு கொஞ்சம் குனிந்து, "அது இப்ப கூப்பிடுற பேர். கொம்மா வைச்ச பேர் என்ன?" என்று மறுபடியும் கேட்பார். வாய்க்கால் கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு போகிற பிள்ளையிடமும் கேட்பார், கல்யாண வீட்டில் பட்டுப்பாவாடையோடு ஓடித் திரிகிற பிள்ளையிடமும் கேட்பார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு பெயர்தான். அவர்கள் முழித்துப் பார்த்துவிட்டு அதே பெயரை உரத்துச் சொல்வார்கள், காது கேளாதவருக்குச் சொல்வதுபோல.

அவருடைய மனைவி நேசமலர் அக்கா சிரிப்பார். "உந்த மனிசனுக்குத் தன்ரை மச்சாள்மாற்றை பேர் ஒண்டும் ஞாபகம் இல்லை. ஊர்ப் பிள்ளையளின்ரை பேர் மட்டும் தேவாரம் மாதிரிப் பாடம்."

கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டதையும், பிறகு அவருடைய கொட்டிலில் கஞ்சி காய்ச்சிய காலத்தில் அவர் வாயாலும், மலைநாட்டிலிருந்து வந்த பேச்சியம்மா வாயாலும் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

எழுபத்தேழில் அவர் நிருபர். யாழ்ப்பாணத்தில் அச்சாகிற ஒரு பத்திரிகைக்குக் கிளிநொச்சிச் செய்தி எழுதினார். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வயல்தான் சீவனம். காலையில் வயலுக்குப் போய் வந்து, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, செய்தியை உறையில் இட்டு, சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், யாழ்ப்பாணம் போகிற பஸ் கொண்டக்டரின் கையில் கொடுப்பார். நெல் கொள்வனவு, யானை அழித்த வாழைத்தோட்டம், திருவிழா, இவைதான் செய்தி. ஒரு முறை எங்கள் பக்கத்து மதகு உடைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிப் போனதை எழுதினார். பத்திரிகை வந்த சில நாட்களில் நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து மதகைக் கட்டினார்கள். அன்றிலிருந்து எழுதினால் நடக்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு வந்தது. அவருக்கும் வந்தது. அந்த நம்பிக்கை வராமலே இருந்திருக்கலாம்.

அந்த வருடம்தான் மலைநாட்டில் கலவரத்தில் அடிபட்ட தோட்டத்துச் சனங்கள் வன்னிக்கு வந்தார்கள். நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் பற்றை வெட்டி, குடிசை போட்டு இருந்தார்கள். வீரகத்தி அண்ணை அடிக்கடி அங்கே போய் வந்தார். தண்ணீர் இல்லை, மலேரியாக் காய்ச்சல், பிரசாவுரிமை இல்லை என்று எழுதினார். ஆனால் அங்கே ஓயாமல் நடந்த ஒன்றை அவர் முதலில் செய்தியாகவே நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கார்களில் ஆட்கள் வருவார்கள். நல்ல மனிதர்கள், படித்தவர்கள். "பிள்ளையை வளர்க்கத் தாங்கோ" என்று கேட்பார்கள். வேலைக்கு என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. வாங்குகிறவர்களும் சொல்வதில்லை, கொடுக்கிறவர்களும் சொல்வதில்லை. பிள்ளை புதுச் சட்டை போட்டுக் காரில் ஏறும். முதல் பொங்கலுக்குப் பெற்றோருக்கு ஒரு சேலையும் வேட்டியும் வரும். பிறகு ஒன்றும் வராது.

மாயாண்டியும் பேச்சியம்மாவும் அப்படித்தான் எண்பத்தொன்றில் தங்கள் மூத்த பெண் அழகம்மாவைக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இரண்டாவது பொங்கலும் போய், பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் வராதபோது, பேச்சியம்மா வீரகத்தி அண்ணையின் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்க பேப்பர்காரரு. நாலு எடம் போறவரு. எம்புள்ளைய ஒரு தரம் பாத்துட்டு வாங்கய்யா. சோறு திங்கிறாளான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தொடக்கம் அது. அவர் பெயர், வயது, கூட்டிக்கொண்டு போனவர்களின் ஊர் எல்லாம் கேட்டார். பத்திரிகைக்காரர் கேட்கிறவை அவைதான். பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. சிவலட்சுமி ரீச்சர் வீடு என்றதும் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரீச்சர் அவரைக் கதிரையில் இருத்தி, மின்விசிறியைத் திருப்பிவிட்டார்.

"அழகம்மாவோ? அப்பிடி ஒருத்தரும் இங்கை இல்லையே. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நெடுங்கேணியிலை தாய் தேப்பன் சொல்லினம், ரீச்சர்."

"அதுகளுக்கு வீடு மாறுப்பட்டிருக்கும். பாவங்கள், எழுத்து வாசனை இல்லாத சனம். இருங்கோ, வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள். ராணி, தேத்தண்ணி கொண்டா."

ஒரு பிள்ளை தேநீர் கொண்டுவந்தது. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, ஒரு பேச்சுக்கு, "உன்ரை பேர் என்ன பிள்ளை?" என்று கேட்டார். பிள்ளை ரீச்சரைப் பார்த்தது. பிறகு, "ராணி" என்றது. அவர் தேநீரைக் குடித்தார். கொஞ்சம் சீனி கூட என்று நினைத்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. வெறும் கோப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

நெடுங்கேணிக்குப் போய், வீடு மாறிவிட்டது என்று பேச்சியம்மாவிடம் சொன்னார். அவள் விடவில்லை. வீடு எப்படி, வாசலில் என்ன மரம், உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீர் கொண்டுவந்த ஒரு பிள்ளையைத் தவிர வேறு சின்னப்பிள்ளைகள் இல்லை என்றார்.

"அது கையப் பாத்தீங்களா? தோட்டத்த விட்டு ஓடி வர்றப்ப முள்ளுக்கம்பி இழுத்து, மணிக்கட்டுலேர்ந்து முழங்கை மட்டும் தழும்பு."

அவர் பார்த்திருந்தார். கோப்பையை நீட்டிய கையில் அந்தத் தழும்பு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தே பேச்சியம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"ஏய்யா அவ பேரச் சொல்லல? நம்ம ஊருலேர்ந்து வந்தவருன்னு தெரிஞ்சும் ஏய்யா சொல்லல?"

ஏனென்று பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ராணி என்றுதான் பெயர். அவளுக்கு முன்னால் இருந்தவளும் ராணி. அந்தப் பெயருக்குத்தான் சாப்பாடு கிடைத்தது, அந்தப் பெயருக்குத்தான் அடி விழுந்தது. ரீச்சர் தெரிந்து பொய் சொன்னாரா, உண்மையிலேயே பழைய பெயரை மறந்துவிட்டாரா என்பது வீரகத்தி அண்ணைக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாளே பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிள்ளை கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. மதகு கட்டுவித்த மனிதர் அல்லவா. எழுதினார். இரண்டு பந்தி இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம். பிள்ளையின் இரண்டு பெயர்களையும் எழுதினார், ஒழுங்கையின் பெயரை எழுதினார், ஒரு ஆசிரியை என்று எழுதினார். முரசுமோட்டைத் தேத்தண்ணிக் கடையில் அதை உரத்து வாசித்தார்கள். "நிருபர் பிழிஞ்சு போட்டார்" என்று மெச்சினார்கள்.

அதன் பிறகுதான் பேச்சியம்மாவோடு ரயிலேறினார். இந்த முறை கதிரை இல்லை. ரீச்சர் கேற்றைத் திறக்காமலே கதைத்தார்.

"ஒழுங்கையிலை என்ரை முகம் காட்டேலாமல் பண்ணிப்போட்டு இப்ப என்னத்துக்கு வந்து நிக்கிறியள்? அவள் இங்கை இல்லை. கொழும்புக்கு மகளிட்டை அனுப்பியாச்சு. போய் அதையும் பேப்பரிலை போடுங்கோ."

பேச்சியம்மா கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவ சோறு திங்கிறாளாம்மா?" என்று கேட்டாளாம். ரீச்சர் உள்ளே போனார்.

மகளின் பெயர் பத்மாசனி, வெள்ளவத்தையில் இருக்கிறார் என்று அயலில் கேட்டு அறிந்தார்கள். நெல் அறுத்துச் சூடு அடித்து முடிய, ஆவணியில் கொழும்புக்குப் போவதென்று முடிவு செய்தார். ஆடியில் கலவரத்தில் கொழும்பு எரிந்தது.

அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தபோது மற்ற நிருபர்களும் அங்கே போனார்கள். இவர் செய்திக்காகப் போகவில்லை. பத்மாசனியைத் தேடிக் கண்டுபிடித்தார். கைக்குழந்தையோடு, மாற்றுச் சேலையும் இல்லாமல், அந்தப் பெண் நிலத்தில் இருந்தாள்.

"பின்மதிலாலை ஏறிக் குதிச்சனாங்கள், அண்ணை. அவளும் எங்களோடைதான் நிண்டவள். பிள்ளை வீரிட்டுக் கத்துது. பால்போத்தல் உள்ளுக்கை. நான்தான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா எண்டனான்." அவள் குழந்தையை மடியில் மாற்றி வைத்தாள். "போனவள்தான்."

அவளைக் கோபிக்கவும் முடியவில்லை என்று வீரகத்தி அண்ணை ஒருநாள் சொன்னார். கோபிக்க ஆள் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்றார்.

பிறகு கொழும்புக்கும் போய்வந்தார். வீடு கரிச் சுவராக நின்றது. முகாம்களில் இருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். அழகம்மா என்று ஒரு பிள்ளையை ஒருவரும் அறியவில்லை. ராணி என்று பல பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருத்திக்கும் கையில் தழும்பு இல்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் அந்தக் கொண்டக்டர் அவரைக் கண்டு கை நீட்டினாராம்.

"என்ன அண்ணை, இண்டைக்கும் செய்தி இல்லையோ?"

"இல்லை."

"நாட்டிலை இவ்வளவும் நடக்குது, நிருபர் செய்தி இல்லையெண்டு நிக்கிறார்!"

அதோடு எழுதுவதை விட்டார். ஆனால் ஊர் அவரை நிருபர் என்றுதான் தொடர்ந்தும் கூப்பிட்டது.

அடுத்த வருடக் கடைசியில், இராணுவம் வந்ததும், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரக் குடிசைகளில் இருந்தவர்களும் எழும்பி ஓட வேண்டி வந்தது. அதில் பலர் எங்கள் பக்கம் வந்தார்கள். மாயாண்டியும் பேச்சியம்மாவும் சின்னவள் நாகம்மாவும் வந்து வாய்க்கால் கரையில் ஒதுங்கினார்கள். தாய்தகப்பன் வயலில் கூலிக்கு நிற்க, பிள்ளைகள் வரம்பில் கிடந்தார்கள். பிள்ளை வளர்க்கக் கேட்டு மறுபடியும் கார்கள் வரத் தொடங்கின.

அப்போதுதான் வீரகத்தி அண்ணை தன்னுடைய நெல் போடும் கொட்டிலை வெறுமையாக்கி, மண் மெழுகி, பிள்ளைகள் இருக்கப் பலகை வாங்கு போட்டார். பகலெல்லாம் பிள்ளைகள் அங்கே இருக்கலாம். காலையில் எழுத்து, மத்தியானம் கஞ்சி. பிள்ளைக்கு ஒரு நேரம் வயிறு நிறைந்தால் தாய் அதைக் காரில் ஏற்றமாட்டாள் என்பது அவருடைய கணக்கு. நேசமலர் அக்கா என்னைச் சமைக்கக் கூப்பிட்டார். படிப்பிப்பது அவர், பிள்ளைகளைக் கத்தாமல் வைத்திருப்பது அக்கா, அடுப்பு நான். நாகம்மாவுக்கு அப்போது நாலு வயது. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள். வீரகத்தி அண்ணை அவளை ஒருநாளும் தூக்கியதில்லை. தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒன்றைக் காரில் ஏறவிடுவதில்லை என்று பேச்சியம்மாவுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் வீடு வீடாகப் போவார். பிள்ளை வேலைக்கு நிற்கிற வீடுகள். காலையில் மட்டும் பள்ளிக்கு விடுங்கோ, தாய் வந்தால் பார்க்க விடுங்கோ, பெயரை மாற்றாதேங்கோ என்று கேட்பார். சில வீடுகளில் படலைக்கு உள்ளே விடமாட்டார்கள். "நிருபர் வாறார், பிள்ளையை உள்ளுக்குப் போகச் சொல்லு, பேப்பரிலை வந்திடும்" என்று கேட்கும்படியாகவே சொல்வார்கள். சில வீடுகளில் மரியாதையாக இருத்தித் தேநீர் கொடுப்பார்கள். அவர் குடிக்கமாட்டார். யார் வீட்டிலும் பிள்ளை கொண்டுவந்து கொடுக்கிற தேநீரை அவர் குடித்ததில்லை.

ஒரு வருடம் போல அது நடந்தது. இரண்டு மூன்று வீடுகள் பிள்ளைகளைக் காலையில் அனுப்பின. அவ்வளவுதான்.

கஞ்சிக்குக் குருணல் தந்தவர் அரிசி ஆலைக்கார இளையதம்பியர். கிழமைக்கு ஒரு சாக்கு. அவருடைய வீட்டிலும் ஒரு மலைநாட்டுப் பிள்ளை நின்றது. ஆலை வாசலில் தவிடு அள்ளுவதை நானே கண்டிருக்கிறேன். ஒருநாள் சாக்கை வாங்கப் போனபோது வீரகத்தி அண்ணை அந்தப் பிள்ளையையும் கொட்டிலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

இளையதம்பியர் சிரித்தார். "அனுப்பலாம் நிருபர். பிறகு தவிடு அள்ள நீர் வாறீரோ? இல்லை, குருணல் வேண்டாமோ? இரண்டிலை ஒண்டைச் சொல்லும்."

நான் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீரகத்தி அண்ணை அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அதனிடம் பெயர் கேட்கவில்லை. சாக்கைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்தார். வரும் வழி முழுக்க உருட்டிக்கொண்டே நடந்தார். அன்றைக்கும் முப்பது பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள். நாகம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியதும் எல்லாரும் உடுத்த துணியோடு காட்டுப் பக்கம் போனோம். திரும்பி வரும்போது கொட்டிலுக்குக் கூரை இல்லை. வாங்குப் பலகைகளை யாரோ எரித்து முடித்திருந்தார்கள். ஆலை மூடிக் கிடந்தது. இளையதம்பியர் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தப் பிள்ளை என்ன ஆனதென்று விசாரிக்கவும் ஆளில்லை. கூரையை மறுபடி வேய்ந்தோம். பிள்ளைகள் சிலர் வந்தார்கள். கஞ்சி தண்ணீராகிக்கொண்டே போனது. எழுத்துச் சொல்லிக் கொடுத்த பெரிய பிள்ளைகளில் சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், சிலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறினார்கள். ஒரு சுற்றிவளைப்பில் மாயாண்டியை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவன் வயலுக்கு இறங்குவது அதோடு முடிந்தது.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து பேச்சியம்மா வந்தாள். வாசலில் இருந்து உள்ளே வரவில்லை.

"ஐயா, நாகம்மாவ விடப்போறேன். கிளிநொச்சியில ஒரு கந்தோர்காரரு. யாழ்ப்பாணத்துக்கு மாத்தலாகிப் போறாங்க. வளக்கக் கேட்டாங்க."

வீரகத்தி அண்ணை எழும்பி நின்றார். "நான் உமக்குச் சொன்னனான் எல்லே, பேச்சியம்மா?"

"சொன்னீங்கய்யா. அந்தாளுக்கு மருந்து வாங்கணும். இவளுக்குச் சோறு வேணும். நீங்க என்ன செய்வீங்க?"

"இங்கை நிக்கட்டும். எங்கடை வீட்டிலை நிக்கட்டும். இருக்கிறதைச் சாப்பிடட்டும்."

பேச்சியம்மா நேசமலர் அக்காவைப் பார்த்தாள். அந்த வீட்டிலும் அப்போது ஒரு நேரம்தான் அடுப்பு எரிந்தது. அது அவளுக்குத் தெரியும்.

"ஒங்க வூட்ல நின்னாலும் இவ தண்ணியள்ளுவா, கூட்டுவா, அதுவும் வேலைக்கு நிக்கிறதுதானங்கய்யா. அங்கன்னா வயிறு நெறையும்."

அவர் கதிரையில் திரும்ப இருந்தார். நேசமலர் அக்கா குசினிக்குள் போய்விட்டார். பிறகு அவர் சொன்னது ஒன்றுதான்: "ஏத்திவிடேக்கை நானும் வாறன்."

பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். நாகம்மாவுக்கு என் பழைய சேலையில் ஒரு சட்டை தைத்திருந்தேன். அதற்கு மேலே அந்த வீட்டுக்காரர் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டிருந்தாள். ஒன்றைக் கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றாள். கந்தோர்காரரின் மனைவி இளம் பெண். நல்ல முகம். பிள்ளைக்கு பிஸ்கற் வாங்கிக் கொடுத்தாள்.

வீரகத்தி அண்ணை கிட்டப் போய், சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ?" என்றார்.

"சொல்லுங்கோ ஐயா."

"பிள்ளையின்ரை பேரை மாத்தாதேங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை. நாகம்மா எண்டே கூப்பிடுங்கோ."

அந்தப் பெண் சங்கடப்பட்டுச் சிரித்தாள். "ஐயோ ஐயா, அதுதான் கரைச்சல். என்ரை மாமியின்ரை பேரும் நாகம்மா. அவா எங்களோடைதான் இருக்கிறா. மாமியின்ரை பேரைச் சொல்லி நான் எப்பிடி நாள் முழுக்கக் கூப்பிடுறது? அதட்டுறது?"

எங்களில் எந்த மருமகளும் மாமியார் பெயரை வாயால் சொல்வதில்லை. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. வீரகத்தி அண்ணைக்கும் அது தெரியும்.

"அப்ப என்னெண்டு கூப்பிடப்போறியள்?"

"இன்னும் யோசிக்கேல்லை, ஐயா."

பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் நாகம்மாவிடம் குனிந்தார். "உன்ரை பேர் என்ன?"

"நாகம்மாங்க."

"கொம்மா வைச்ச பேர் என்ன?"

அவளுக்கு ஒரே சிரிப்பு. வாய் நிறைய பிஸ்கற். "அதுதான் சொன்னேனேங்கய்யா!"

பேச்சியம்மா பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடவில்லை. அந்த இடத்திலேயே குந்தினாள். பஸ் பரந்தன் பக்கம் போய் மறைந்த பிறகும் வீரகத்தி அண்ணை சால்வையைத் தோளில் போடவில்லை. "மூத்தவளும் இப்பிடித்தான் சிரிச்சிக்கிட்டே ஏறினா" என்று பேச்சியம்மா யாருக்கும் இல்லாமல் சொன்னாள்.

இப்போது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்பது புரட்டாதி. நாகம்மா யாழ்ப்பாணத்தில் வேலைக்கு நிற்கிறாள். அவளை அங்கே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அழகம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாயாண்டி படுக்கையில். பேச்சியம்மா களை பிடுங்கப் போகிறாள். கொட்டிலில் மாடு கட்டுகிறார்கள். வீரகத்தி அண்ணை பத்திரிகை வாசிப்பதில்லை, பிள்ளைகளிடம் பெயர் கேட்பதையும் விட்டுவிட்டார். காலையில் வயலுக்குப் போகிறார், மத்தியானம் வருகிறார்.